ஐந்தரை மதிப்பெண்

மத்திய அரசு அலுவலகங்களில் ஏப்ரல் என்பது தற்புகழ்ச்சி மாதம். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் ஊழியர் முதலில் தன் வேலையைப் பற்றித் தானே எழுத வேண்டும். அப்புறம் மேலதிகாரி பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். ஆறு வந்தால் 'வெரி குட்'; அதற்குக் கீழே, நான்கு வரை 'குட்'.

திருத்தணியில் பிரிவுத் தலைவராக இருந்தபோது எல்லோருக்கும் ஐந்தரை போட்டுவந்தேன். யாருக்கும் மனக்கசப்பு வராது என்று நினைப்பு. பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகளில் வரும் எம்.ஏ.சி.பி. ஊதிய உயர்வுக்கும் இனி 'வெரி குட்' வேண்டும் என்று 2016 ஜூலையில் விதி மாறியிருந்தது. அதைச் சொன்ன சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

கவுன்ட்டரில் ஓர் அம்மா இருந்தார். 1960-ல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்துவிட்டாலும் ஆந்திரத்து நகரி, புத்தூர்க்காரர்கள் இங்கே வந்து தெலுங்கில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். எனக்குத் தெலுங்கு 'ஏமண்டி'யோடு சரி. ஆடிக் கிருத்திகை சமயத்தில், மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காயாமல் வந்து நிற்பவர்களுக்கும் அந்தம்மாதான் தெலுங்கில் பேசிப் படிவம் நிரப்பி, ரேகை வைக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். தன் அறிக்கையில் அவர் எழுதியது ஒரே வரி: 'ஒதுக்கிய வேலைகளை முடித்தேன்.' என் அறிக்கையில் நான் எழுதியது: 'எல்லையோர மக்களுக்கு இருமொழிச் சேவை.'

'குட்' என்ற பதிவாலேயே பதவி உயர்வை இழந்த தேவ் தத் என்ற பொறியாளரின் வழக்கில், எந்தப் பதிவானாலும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் அந்தம்மாவுக்கும் நகல் போனது. மேஜையில் அதை வைத்துவிட்டு நின்றார்.

"என்ன தப்பு பண்ணேன்னு சொன்னீங்கன்னா அடுத்த வருஷம் திருத்திக்குவேன் சார்."

குறிப்புப் பகுதியைப் பார்த்தேன். அவருடைய ஒரு வரியையே திருப்பி எழுதி வைத்திருந்தேன். தப்பு எதுவும் அதில் இல்லை. தெலுங்கும் இல்லை, அது என் அறிக்கைக்குப் போய்விட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "பார்க்கலாம்மா" என்றேன்.

முறையிட்டு மனு எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் கையெழுத்துக்கு எதிராக ஒரு மனுவா என்று கூசியது. அவர் எழுதவில்லை. ஊதிய உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. அதற்குப் பிறகும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார். வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை.

உங்கள் கையில் நகல் வந்தால் முறையிட அன்றிலிருந்து 15 நாள்தான் அவகாசம். மேலதிகாரி சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.