உம்மா, மைக் ஓன்ல இருக்கு!

சூம் வகுப்பில் நடந்த கூத்துகளைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் யாராவது பேச்செடுத்தால் இன்டர்வல் போதாது. ஆளுக்குப் பத்துக் கதை வைத்திருக்கிறோம்.

2020 மார்ச் 13இலிருந்து பாடசாலைகள் மூடப்பட, தரம் 11 விஞ்ஞானம் என் போனுக்குள் வந்து குடியேறியது. பல பிள்ளைகளுக்கு வாப்பாவின் போன்தான். அவர் வேலை முடிந்து வந்தால்தான் வகுப்பு. ஆகவே அசருக்குப் பிறகு தொடங்குவோம். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் சூம் தானாக வெட்டிவிடும். அதில் கால்வாசி "டீச்சர் கேக்குதா?", "டீச்சர் கேக்கல்ல" என்பதிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில்தான் ஒளித்தொகுப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் பாண்காரரின் த்ரீவீலரும் வரும். அதில் போடுகிற ட்யூன் பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்'. (பாண்காரருக்கு அது தெரியுமோ என்னவோ!) ஒரு பிள்ளையின் மைக்கில் தொடங்கி, அடுத்த தெருப் பிள்ளையின் மைக்குக்கு நகர்ந்து, கடைசியில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். மஃரிப் பாங்கு அதைவிட விசேஷம். ஊரிலுள்ள பள்ளிவாசல்கள் எல்லாம் சில செக்கன் இடைவெளியில் சொல்ல, அதற்கு மேல் நெட் தாமதம் வேறு. பாங்கு முடியவே முடியாது.

ஒருநாள் ஒரு பிள்ளையின் வாப்பும்மா ஸ்கிரீன் நிறைய முகத்தை வைத்துக்கொண்டு, "டீச்சர், நல்லா மெலிஞ்சி போய்த்தீங்களே, சாப்பிடுறல்லயா?" என்று கேட்டார். ஒளித்தொகுப்பு அன்றைக்கு அத்தோடு சரி.

உலகம் முழுக்க இதுதான் நடந்தது. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு வழக்கறிஞர், பூனை முகத்தோடு நீதிபதி முன் தோன்றி, தான் பூனையில்லை என்று விளக்க வேண்டி வந்தது. கொவிட்டுக்கு முன்பே, 2017 மார்ச்சில், தென்கொரியாவிலிருந்து ஒரு பேராசிரியர் பிபிசிக்கு நேரலையில் பேசிக்கொண்டிருக்க, மகள் கதவைத் தள்ளிக்கொண்டு ஆடியபடி வந்தாள். பின்னால் வோக்கரில் கைக்குழந்தை. அதன் பின்னால் தாய் ஓடோடி வந்தார்.

நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். ஆனால் அவருக்கு ஒரு தனி அறை இருந்தது. சுவரில் உலகப் படம், பின்னால் புத்தகங்கள். என் பிள்ளைகள் சிலருக்கு மூடுவதற்குக் கதவே இல்லை. ஒரே அறைக்குள் சமையல், தம்பியின் அழுகை, சுகமில்லாத மூத்தவர், ஒளித்தொகுப்பு எல்லாம்.

எப்போதும் முதல் ஆளாக வருகிற ஒரு பையன். ஒருநாள் கேள்விக்குப் பதில் சொல்ல மைக்கைத் திறந்தான். பின்னால் உம்மாவின் குரல்: "இன்னும் முடியல்லயா மகன்? ரீலோட் போட ஊட்டுல சல்லி இல்ல. வாப்பா வந்தா நான் என்னத்தச் செல்ற?"

"உம்மா, மைக் ஓன்ல இருக்கு!"

மளமளவென்று சிரிக்கிற இமோஜிகள். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

அந்தக் கிழமைதான் மேலதிகாரி ஒருவர் எங்களுக்குச் சூமில் கூட்டம் வைத்தார். பிள்ளைகள் கெமராவைக் கட்டாயம் ஓன் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் வரவு போடக் கூடாது என்றார். வீட்டைக் காட்டித்தான் பிள்ளை வரவு வாங்க வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னமுமா கதைக்கிறீங்க? இந்தத் தேங்காயத் துருவித் தாங்களேன்."

அத்தனை ஆசிரியர்களும் மியூட்டில் சிரித்தோம். அவர் உடனே கெமராவை ஓஃப் பண்ணிவிட்டார்.

நான் என் வகுப்பில் கெமராவைக் கேட்கவே இல்லை. பாடத்தைச் சிறிய வொய்ஸ் நோட்களாகப் பிரித்து வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். டேட்டா கொஞ்சம்தான் போகும், இரவிலும் கேட்கலாம். அவன் ஒப்படையைக் கொப்பியில் எழுதிப் படம் பிடித்து அனுப்பத் தொடங்கினான். படத்தின் ஓரத்தில் சில நேரம் தம்பியின் கால் தெரியும்.

பாடசாலை திறந்த பிறகு ஒருநாள், கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்து வந்தவன் தானாகவே சொன்னான்:

"டீச்சர், அண்டைக்குச் சிரிச்ச ஆக்கள் ஆரெண்டு எனக்குத் தெரியும். அவங்கட ஊட்டுலயும் ஒரு போன்தான்."

உங்கள் சூம் கதைகளையும் கீழே எழுதுங்கள், சிரிப்போம். பிள்ளைகளின் பெயர் மட்டும் வேண்டாம்.