"காணும்" என்றொரு சொல்

"என்ன பிள்ளை, குருவி கொறிக்கிற மாதிரிச் சாப்பிடுறாய்? ஏதும் வருத்தமே?" என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் அன்னதானம் என்று எங்கே போனாலும் இந்தக் கேள்வியும் கூடவே வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். என்னைப் போன்ற சகோதரிகள் யாருக்காவது பயன்படட்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகின்றேன்.

எனது வயது 44. ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சிறிய கிராமம். 2009 மாசி மாதம் ஷெல் விழுந்ததில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். அதே ஆண்டு வைகாசியில் கணவரைத் தவறவிட்டேன். இன்றுவரை தகவல் இல்லை. கைக்குழந்தையோடும் அம்மாவோடும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, 2010 இல் ஊருக்குத் திரும்பினோம். ஜெய்ப்பூர் கால் போட்டுக்கொண்டு, தையல் மெசினை வைத்துப் பிழைப்பைத் தொடங்கினேன்.

முகாமை விட்டு வரும்போது நான் மெலிந்துபோய் இருந்தேன். 2020 இல் எனது எடை 98 கிலோ. இது எப்படி நடந்தது என்று பலரும் கேட்பார்கள். "நல்லாச் சாப்பிட்டிருப்பாள்" என்று தாங்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். உண்மை வேறு. காலை இழந்தவர் நடப்பது குறையும். தையல் வேலை என்றால் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் ஒரே கதிரையில் இருக்க வேண்டும். சாப்பாடோ நிவாரணத்தில் கிடைத்த அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, எண்ணெய். பிறகு உழைக்கத் தொடங்கியபோதும் மலிவாகக் கிடைத்தவை வெள்ளை அரிசியும், பாணும், சீனி போட்ட பிளேன் ரீயும்தான். மீனும் முட்டையும் பிள்ளைக்கு. சோறும் சொதியும் எனக்கு. எங்களில் எத்தனை தாய்மார் இப்படித்தான் சாப்பிடுகின்றோம்! ஆகவே எடை கூடுவதைப் பணக்கார வருத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிறு நிறையும், ஆனால் உடம்புக்கு வேண்டிய சத்து கிடைக்காது. இதுதான் ஏழையின் பருமன்.

34 வயதில் நீரிழிவு வந்தது. பின்னர் இன்சுலின் ஊசி. உடம்பு பருக்க, செயற்கைக் கால் இறுகியது. மீதிக் காலில் தோல் உரசிப் புண் வந்தது. நீரிழிவு உள்ளவருக்குப் புண் ஆறுவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் வலது காலின் பெருவிரலிலும் ஒரு புண் கண்டது. கிளினிக் வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தக் காலையும் நாங்கள் காப்பாற்ற வேண்டும்" என்றார். அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. ஒரு காலோடு மகளை வளர்த்துவிட்டேன். இரண்டும் இல்லாமல் என்ன செய்வேன்?

அந்த வைத்தியர்தான் கொழும்பில் உள்ள ஓர் அரச வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார். எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை பற்றி அங்கேதான் முதலில் கேள்விப்பட்டேன். நினைத்தவர் எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணிக்கும் உடற்திணிவுச் சுட்டி எனக்கு 40 இற்கு மேல் இருந்தது. அதோடு நீரிழிவும் இருந்தது. சாப்பாட்டைக் குறைத்து, மருந்தை ஒழுங்காக எடுத்தும் பலன் போதவில்லை என்று கண்ட பிறகே பெயரைப் பதிந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, 2023 பங்குனியில் சத்திரசிகிச்சை நடந்தது. துணைக்கு என் மச்சாள் வந்தாள்.

வயிற்றில் சில சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். அது ஒரு சிறிய தேநீர்க் கோப்பை அளவுதான் கொள்ளும். வெட்டி எடுக்கும் பகுதியில்தான் கிறெலின் என்னும் பசி ஓமோன் கூடுதலாகச் சுரக்கின்றது. ஆகவே இடம் குறைவதோடு பசியும் குறைகின்றது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இதை வைத்தியர் மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்.

முதல் சில நாட்கள் தண்ணீரும் தெளிந்த சூப்பும் மட்டும். பிறகு இரண்டு கிழமை நீராகாரம். பிறகு கரைத்த உணவு, அதன் பின் மெதுவான உணவு. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர இரண்டு மாதமளவில் சென்றது. வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குத் தந்தது, உப்புப் போட்டு வடித்த கஞ்சித் தண்ணீர். அந்தச் சிரட்டையளவு கஞ்சியைக் கண்டதும் என் நெஞ்சு அடைத்துக்கொண்டது. முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்று வாங்கியதும் இதே அரிசியும், உப்பும், தண்ணீரும்தானே. அன்று அது எங்களுக்குக் காணவில்லை. இன்று அதே அளவைக் குடிக்க எனக்கு அரை மணித்தியாலம் தேவைப்பட்டது. அம்மாவும் அதைத்தான் நினைத்திருப்பா. முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டா.

உண்மையைச் சொன்னால், சத்திரசிகிச்சையின் நோவை விட அம்மாவின் நோவுதான் பெரிதாக இருந்தது. பதுங்குகுழிக்குள் தனது பங்கையும் எனக்குத் தந்த மனிசி. பால் கொடுக்கிற பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது என்று தான் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தவ. அப்படிப்பட்டவ, "இன்னும் ஒரு அகப்பை போடட்டே பிள்ளை?" என்று கேட்கும்போது, "காணும் அம்மா" என்று சொல்ல என் நாக்கு எழும்பாது. சோற்றை மிச்சம் விடுவது எங்கள் இருவருக்குமே பாவம் போன்றது.

இதற்கு நாங்கள் கண்ட வழி, மிஞ்சாமல் போடுவது. பெரிய பீங்கானை எடுத்து வைத்துவிட்டு, தேநீர்க் கோப்பையின் கீழ்த் தட்டில் சாப்பிடத் தொடங்கினேன். அரிசிப் பேணியால் அளக்கும்போதே எனது பங்கைக் குறைத்து அளந்தோம். ஒரு பருக்கையும் வீணாகவில்லை. சில மாதங்களில் அம்மா தானே, "உனக்கு இவ்வளவும் காணும், என்ன?" என்று சொல்லத் தொடங்கினா.

இப்போது எனது ஒரு நாள் எப்படிப் போகின்றது என்று சொல்கிறேன். காலையில் ஒரு அவித்த முட்டை, இரண்டு மேசைக்கரண்டி அவித்த பயறு. பத்து மணிக்குக் கொஞ்சத் தயிர். மத்தியானம் முதலில் மீன் அல்லது கெட்டிப் பருப்பு, அடுத்துக் கீரை அல்லது மரக்கறி, இடமிருந்தால் கடைசியில் இரண்டு மூன்று கரண்டி சோறு. இந்த ஒழுங்குதான் முக்கியம். இடம் கொஞ்சம்தான், அதைச் சோற்றால் நிரப்பினால் புரதத்துக்கு இடமில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கின்றது. ஆகவே சூடை மீன், நெத்தலி, கௌபி, கடலை, சோயா என்று மாற்றி மாற்றிச் சேர்க்கின்றேன். விலைவாசிக்கு ஈடுகொடுக்க நாலு கோழி வளர்க்கிறோம்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை. சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்தே குடிப்பேன். அதுவும் முடறு முடறாக. ஆனால் நாள் முழுவதும் சேர்த்து ஒன்றரை லீற்றராவது குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைச்சுற்று வரும். மெசினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு போத்தல் இருக்கும். ஒவ்வொரு வாயையும் இருபது தரத்துக்கு மேல் மெல்ல வேண்டும். ஷெல்லுக்குப் பயந்து அவசர அவசரமாக விழுங்கிப் பழகிய எங்களுக்கு இது புதுப் பாடம். பிட்டும் பாணும் எனக்கு நெஞ்சில் அடைக்கின்றன. இடியப்பம் ஒன்று போகும். பிளேன் ரீ சீனியில்லாமல். பனங்கட்டியும் சீனிதான் என்பதை மறக்க வேண்டாம்.

குளிசைகள் வாழ்நாள் முழுவதும் உண்டு: பல விற்றமின், பி12, இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி. இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கக்கூடாது. இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். இரும்புச்சத்தோடு தேநீரும் கூடாது. மூன்றாம் நான்காம் மாதங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. எடை வேகமாகக் குறையும்போது அப்படி நடக்கும், திரும்ப வளரும் என்றார்கள். வளர்ந்தது. பித்தப்பையில் கல் வரவும் கூடும். விடாமல் வாந்தி எடுத்தால் வீட்டில் கைமருந்து பார்க்கக்கூடாது. விற்றமின் பி1 குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள் ஒன்று, ஒன்றரை வருடத்துக்குக் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும்.

இரண்டு வருடத்தில் 98 கிலோ 71 ஆனது. இன்சுலின் நின்று, ஒரு குளிசை மட்டும் இருக்கின்றது. வலது கால் விரல் புண் ஆறிவிட்டது. ஆனால் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மீதிக் காலும் மெலிந்து, செயற்கைக் கால் தொளதொளத்துப் போனது. முதலில் காலுக்கு மேலதிகமாக ஒரு மேசு போட்டேன், பிறகு இரண்டு. கடைசியில் புதிதாக அளவெடுத்துக் கால் செய்ய வேண்டி வந்தது. உங்களில் செயற்கைக் கால் பாவிக்கும் சகோதரிகள் எடை கூடினாலும் குறைந்தாலும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்த காலும் புண்ணைத் தரும், விழவும் வைக்கும். புதுக்கால் போட்ட பிறகு, ஊன்றுகோல் இல்லாமல் சந்திக் கடைக்கு நடந்து போய் வருகின்றேன்.

ஊர்வாயையும் சொல்லத்தான் வேண்டும். "புற்றுநோயாம்" என்றார்கள் சிலர். "புருஷன் இல்லாதவளுக்கு இந்த வயதில் என்ன வடிவு வேண்டிக்கிடக்கு?" என்றார்கள் வேறு சிலர். வடிவுக்காகவா நான் வயிற்றை வெட்டினேன்? நடப்பதற்காக வெட்டினேன்.

அதை விடக் கவலை தந்தது என் மகள். நான் குறைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து, பதினைந்து வயதுப் பிள்ளை தானும் சோற்றை ஒதுக்கத் தொடங்கினாள். அவளை இருத்திவைத்துச் சொன்னேன்: "என்ர வயிறு வேறை, உன்ர வயிறு வேறை. நீ வளருற பிள்ளை. எனக்கு இது மருந்து. உனக்கு இது பட்டினி." அன்று முதல் அவளுக்கு நானே கோப்பையில் போட்டுக் கொடுக்கின்றேன். பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. வயிற்றைச் சிறிதாக்கலாம், மனதில் உள்ள பசியை எந்த வைத்தியராலும் வெட்ட முடியாது. முதல் வருடம் பசியே தெரியவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். பிறகு பசி மெல்லத் திரும்பி வந்தது. வைகாசி மாதம் நெருங்கினால், இரவில் நித்திரை வராவிட்டால், கை தானாக பிஸ்கற் பேணியைத் தேடும். அது வயிற்றுப் பசி அல்ல என்று இப்போது எனக்குத் தெரிகின்றது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் படலையடியில் நின்று கதைப்பேன். அவவுக்கும் மகனைப் பற்றிக் கதைக்க ஆள் தேவைதான். கொறிப்பதை விடக் கதைப்பது நல்லது. இதைக் கவனிக்காவிட்டால், சத்திரசிகிச்சை செய்தவருக்கும் எடை திரும்பக் கூடும்.

எல்லோரும் சத்திரசிகிச்சைக்குப் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலருக்கு அது தேவைப்படாது. இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் எங்கள் பெண்கள் கவனமாக இருக்க வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு எடை, குருதி அமுக்கம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் அரச வைத்தியசாலைகளில் இருக்கின்றன. பிள்ளைகளின் அலுவல், வழக்கு அலுவல், காணி அலுவல் என்று அலையும் எங்களுக்கு எங்கள் உடம்பைப் பார்க்க ஒரு காலைப்பொழுது கிடைக்காதா? மீனிலும் முட்டையிலும் ஒரு பங்கைத் தாய்க்கும் வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரும் ஒருத்தி ஒரு கரண்டி சோற்றோடு "காணும்" என்று சொன்னால், அவள் உங்கள் சமையலைக் குறை சொல்லவில்லை. வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கொஞ்ச நேரம் அவளோடு கதையுங்கள். அவளுக்கு அதுவே வயிறும் மனமும் நிறைந்த விருந்து.