கான்ட்ராவின் அம்பத்தூர் வேகம்

வீடியோ கேம் பாட்டுகளுக்கு ரசிகர்கள் போடும் ரீமிக்ஸ்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விமர்சனம் எழுதி வைப்பது என் பழக்கம். மூல மெட்டை எங்கே பிடித்தார், எங்கே விட்டார், பாஸ் தாங்குகிறதா, நடுவில் புதிதாகச் சேர்த்தது ஒட்டுகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுவேன். போன மழைக்காலத்தில் அந்த நோட்டை முதலிலிருந்து படித்தபோது ஒன்று உறுத்தியது. கான்ட்ராவின் முதல் கட்டத்தில் வரும் காட்டுப் பாட்டுக்கு நான் கேட்ட ரீமிக்ஸ் அத்தனையிலும் ஒரே குறையைத்தான் எழுதியிருக்கிறேன்: ‘ஓட்டம் அதிகம்’. மெட்டல் கிடாரில் வாசித்தவருக்கும் அதுதான், ஒற்றைப் பியானோவில் வாசித்தவருக்கும் அதுதான். அரிசோனாவின் மினிபாசஸ் குழு வாசித்ததை மிகவும் ரசித்து எழுதியிருக்கிறேன். கடைசி வரியில் அவர்களுக்கும் அதே குறை.

நோட்டைப் பார்த்த அக்கா மகன், “மாமா, ஒரிஜினலே இந்த ஸ்பீடுதான். உங்க ஞாபகம்தான் ஸ்லோ” என்றான். போட்டும் காட்டினான். 1987-ல் ஆர்கேடுக்காக கசுகி முராவோகா போட்ட இசை. அதை மறு வருடம் நின்டெண்டோவின் சின்னப் பெட்டிக்கு மாற்றி எழுதியவர்கள் ஹிடெனோரி மேசாவாவும் கியோஹிரோ சாடாவும். அவன் சொன்னது சரி. அந்த ஒரிஜினல் தலைதெறிக்க ஓடியது.

சின்ன வயதில் கேட்டதெல்லாம் மனதுக்குள் மெதுவாகிவிடும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அக்கா அப்போதே அந்தப் பாட்டை கேசியோ கீபோர்டில் வாசிப்பாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்று கேட்கும். இன்றைக்கும் வாசிக்கச் சொன்னால் அதே நிதானத்தில்தான் வாசிக்கிறாள். இரண்டு பேர் ஞாபகம் ஒரே அளவுக்கு எப்படி மெதுவாகும்? அதோடு அவளிடம் ஒரு கேசட் இருந்தது. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா, போனஸ் வந்த ஒரு தீபாவளிக்கு பர்மா பஜாரில் வாங்கி வந்த வீடியோ கேம் பெட்டியில் நான் ஆடிக்கொண்டிருக்க, சாலிடேர் டி.வி.யின் ஸ்பீக்கர் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து அவள் பதிவு செய்தது. பாட்டுக்கு நடுவே அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிடும் குரலும் இருக்கிறது. அந்தப் பதிவில் கான்ட்ரா மெதுவாகத்தான் ஓடுகிறது.

கேசட்டை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி.யில் டி.வி. மெக்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் வீடியோ கேம் பெட்டிகளெல்லாம் அவர் கைக்குத்தான் போகும். படம் வரும், சத்தம் வராது, வெறும் இரைச்சல் என்றால் மாடுலேட்டர் டப்பாவைத் திறந்து காயிலைத் திருகிக் கொடுப்பார். ஹாங்காங்கில் டி.வி. சத்தம் படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், சீனாவில் 6.5, நமக்கு 5.5. வேறு ஊருக்குச் செய்த பெட்டி இங்கே ஊமையாகிவிடும். அதை நம் ஊரில் பேச வைத்தவர் அவர்.

விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை. “தம்பி, அது லோ வோல்டேஜ். எஸ்டேட்ல சாயங்கால ஷிப்ட் ஏறுச்சுன்னா நம்ம லைன்ல 180-க்குக் கீழ போயிடும். டி.வி. படமே நாலு பக்கமும் சுருங்கும். படம் சுருங்குது, பாட்டு மட்டும் ஒழுங்கா ஓடுமா?”

இதில் ஒரு நியாயம் இருந்தது. 1964-ல் தொழிற்பேட்டை வந்த பிறகு அம்பத்தூரில் வளர்ந்த எவருக்கும் ஸ்டெபிலைசரின் ‘டக்’ சத்தம் தெரியும். லேத் பட்டறைகளின் மோட்டார்கள் ஏறும் நேரமும் நாங்கள் பள்ளி விட்டு வந்து ஆட உட்காரும் நேரமும் ஒன்றுதான். பாட்டரி இறங்கினால் டேப் ரெக்கார்டர் இழுப்பதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். எங்கள் ஊர் மின்சாரமே ஒரு ஜப்பான் பாட்டை நிதானமாக்கிவிட்டது என்ற கதை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. மண்ணூர்பேட்டையிலும் பாடியிலும் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப் போய், எத்தனை மணிக்கு ஆடுவீர்கள், ஸ்டெபிலைசர் இருந்ததா என்றெல்லாம் விசாரித்தேன். காலையில் ஆடியவர்களுக்கும் பாட்டு மெதுவாகத்தான் ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னால் அண்ணன் அசையவில்லை. “காலைலயும் லோ வோல்டேஜ்தான் தம்பி.”

சோதித்தே பார்க்கலாம் என்றேன். கடையின் பரணிலிருந்து ஒரு சாக்கு மூட்டை இறங்கியது. உள்ளே பெயர் அழிந்த பெட்டிகள், ஒயர் அறுந்த ஜாய்ஸ்டிக்குகள், மஞ்சள் கேம் கேசட்டுகள். தேறிய ஒரு பெட்டியை, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டில் மாட்டினார். 230-ல் ஆரம்பித்து மெல்ல இறக்கினோம். 200-ல் பாட்டு அப்படியே. 180-ல் அப்படியே. இன்னும் இறக்க, படத்தில் பட்டை பட்டையாகக் கோடு நெளிந்தது, ஸ்பீக்கரில் ஹம்மிங் ஏறியது. தாளம் மட்டும் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கியதும் ஓடிக்கொண்டிருந்த ஒரு சுரம் ‘கீ’ என்று நீண்டு அப்படியே உறைந்தது. ஆட்டம் நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டர், அடாப்டரிலிருந்து எது வந்தாலும் அதை 5 வோல்ட்டாக்கித்தான் கொடுக்கும்; கொடுக்க முடியாதபோது மொத்தமும் விழுந்துவிடும். இந்தப் பெட்டி நிற்கும், இழுக்காது.

“அப்போ உங்க டேப்புதான். பெல்ட் லூசு” என்றார் அண்ணன்.

அதற்குப் பதில் அக்காவிடம் இருந்தது. டேப் மெதுவாக ஓடினால் சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டும். ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தால் கீபோர்டில் மூன்று கட்டைக்கும் மேல் கீழே போய்விடும். அவள் கேசட்டை ஓடவிட்டுக் கேசியோவில் ஒவ்வொரு சுரமாகத் தொட்டுப் பார்த்தாள். சுருதி அதே கட்டையில் நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் ஒரு மயிரிழை கீழே. தாளம் மட்டும் இறங்கியிருக்கிறது, சுருதி இறங்கவில்லை. இதை அவரிடம் சொன்னபோதுதான் அண்ணன் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தார்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கவிழ்த்து ஸ்க்ரூவைக் கழற்றினார். பெட்ரோல் நனைத்த பிரஷ்ஷால் போர்டின் மூலையில் இருந்த ஒரு வெள்ளித் தகட்டுக் குப்பியைத் தேய்த்தார். கிரிஸ்டல். அதன் தலையில் எண் தெரிந்தது: 26.601712. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். “4.43-ஐ ஆறால பெருக்கு” என்றார்.

கலர் டி.வி. திறந்த மெக்கானிக் எவருக்கும் 4.43 மனப்பாடம். இந்தியாவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பின்பற்றிய பால் முறையில் கலரைச் சுமந்து வரும் அலை 4.43361875 மெகாஹெர்ட்ஸ். ஆறால் பெருக்கினால் இந்தக் கிரிஸ்டலின் எண். பெட்டி பால் டி.வி.க்கென்றே செய்யப்பட்டது. பால் டி.வி.யில் ஒரு விநாடிக்கு 50 படம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. நின்டெண்டோ ஆட்டங்களில் பாட்டை நடத்தும் நிரல், திரையில் ஒரு படம் முடியும்போது ஒரு அடி எடுத்து வைக்கும். விநாடிக்கு 60 அடி நடக்க எழுதிய பாட்டு இங்கே 50 அடிதான் நடக்கும். நிமிடத்துக்கு 150 தட்டு உள்ள பாட்டு 125-க்கு வந்துவிடும்.

சுருதி ஏன் இறங்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய சந்தோஷம். சுருதி படத்தைப் பார்த்து வருவதில்லை, சில்லின் கடிகாரத்தை வகுத்து வருகிறது. ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகளில் அந்தக் கடிகாரம் 1.79 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவுக்கு நின்டெண்டோவே செய்த பெட்டியில் இதே 26.6 கிரிஸ்டலை 16-ஆல் வகுத்தார்கள், 1.66 ஆகிவிட்டது. அங்கே 440-ல் நிற்க வேண்டிய சுரம் 409-க்குச் சரிந்துவிடும், அரை சுரத்துக்கும் மேல். நம் ஊருக்கு வந்த நகல் பெட்டிகளில் இருந்த தைவானின் யு.எம்.சி. சில்லு 15-ஆல் வகுத்தது. 1.773. அதே சுரம் 436-ல் நின்றது. கேசியோவில் அக்கா கண்டுபிடித்த மயிரிழை அந்த 4 அதிர்வு. ஜப்பான் ஆட்டங்கள் ஒழுங்காக ஓட வேண்டும் என்று எங்கோ ஒரு பொறியாளர் 16-க்குப் பதில் 15 என்று முடிவெடுத்திருக்கிறார். அவரால் ஜப்பானின் சுருதியும் இந்தியாவின் தாளமும் ஒரே பெட்டியில் சேர்ந்தன.

இதே ஏற்பாடுதான் ரஷ்யாவிலும். 1992-ல் மாஸ்கோவின் ஸ்டீப்லர் நிறுவனம் ‘டெண்டி’ என்ற பெயரில் இறக்கிய நகல் பெட்டிக்கும் இதே கணக்கு. அதனால் பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர்களில் இந்த வேகத்துக்கு ‘டெண்டி’ என்றே பெயர் வைத்துத் தனி அமைப்பு கொடுத்திருக்கிறார்கள். அக்கா மகன் அதைப் போட்டான். நான் கண்ணை மூடிக் கேட்டேன். தாளம் வந்துவிட்டது. ஆனால் அக்கா தலையை ஆட்டினாள். “வேகம் சரி. குரல் வேற.”

அவளை யாரும் அசைக்க முடியாது. குரல் என்றால் என்ன என்று நாங்கள் எவ்வளவு கேட்டும், “இது நம்ம வீட்டுக் குரல் இல்ல” என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. மறுபடி கேசட், மறுபடி எமுலேட்டர், மாற்றி மாற்றி ஓடவிட்டுக் கேட்டோம். டி.வி. ஸ்பீக்கரின் வித்தியாசம் என்று அவன் ஒதுக்கப் பார்த்தான். விடை அதே எமுலேட்டரின் இன்னொரு பொத்தானில் இருந்தது. அந்தச் சில்லில் மெட்டைப் பாடுவது இரண்டு சதுர அலைகள். ஒவ்வொரு அலையும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை வைத்துக் குரல் மாறும். 25 சதவீதம் நின்றால் மூக்கால் பாடுவது போல மெலிந்து வரும். 50 என்றால் உருண்டு, உள்ளே வெறுமையாக ஒலிக்கும். யு.எம்.சி.யின் நகல் சில்லில் இந்த இரண்டும் இடம் மாறிவிட்டன. மேசாவாவும் சாடாவும் மெலிவாக எழுதியது நமக்கு உருண்டு கேட்டது. உருட்டி எழுதியது மெலிந்து கேட்டது. அந்தப் பொத்தானை மாற்றியதும் அக்கா பாதி வரியிலேயே, “இதான், இதான்” என்றாள்.

1999-ல் அமெரிக்காவில் டேவிட் லாய்ட் தொடங்கிய ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ் இணையதளம் இந்த ரசிகர் இசைக்கு ஒரு மரபையே கட்டிக் கொடுத்தது. அனுப்பும் பாட்டை நடுவர்கள் கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். மூல மெட்டு எவ்வளவு நிற்கிறது என்பது முக்கியமான அளவுகோல். 2008-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டத்தின் புதுப் பதிப்புக்கு கேப்காம் இவர்களிடமே இசையைக் கொடுத்தது. எனக்கு அந்த மரபின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அங்கே மூலம் என்பது பெரும்பாலும் 60 படக் காதுகள் கேட்ட மூலம். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மாஸ்கோவிலும் கேட்டதும் மூலம்தான். எத்தனையோ வீடுகளில் ஓடிய ஒரு பாடத்தைப் பிழை என்று தள்ள நான் தயாரில்லை.

அக்கா பதிவு செய்த கேசட்டின் ஆரம்பத்தில் இன்னொன்றும் இருந்தது. பல ஆட்டங்கள் அடங்கிய எங்கள் கேம் கேசட்டைப் போட்டதும் வரும் பட்டியல் திரை, கடற்கரை, தென்னை, பறக்கும் பறவைகள், அதன் பின்னால் ஓடும் மெட்டு. அதை நாங்கள் ‘பீச் பாட்டு’ என்போம். அது ஆட்டத்தின் பாட்டே இல்லை. 1955-ல் ‘அன்செயிண்ட்’ என்ற சிறைப் படத்துக்கு அலெக்ஸ் நார்த் போட்ட ‘அன்செயிண்ட் மெலடி’. 1965-ல் ரைச்சஸ் பிரதர்ஸ் பாடி உலகம் முழுக்கப் போனது, 1990-ல் ‘கோஸ்ட்’ படத்தில் மறுபடி ஒலித்தது. அந்த மெட்டைச் சதுர அலைக்கு இறக்கித் திருட்டுக் கேசட்டின் முகப்பில் வைத்தவரின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. என் நோட்டில் இருக்கும் ரீமிக்ஸ்காரர்கள் எவரையும் விட முன்பே நான் கேட்டுப் பழகிய ரீமிக்ஸ்காரர் அவர்தான். நோட்டின் முதல் பக்கத்தில் இடம் விட்டு அவருக்கும் ஒரு விமர்சனம் எழுதினேன்: மெட்டுக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறார், அலங்காரம் சேர்க்கவில்லை, எத்தனை தடவை சுழன்றாலும் சலிக்காத இடத்தில் முடித்துத் திருப்புகிறார்.

அக்கா மகன் இப்போது கான்ட்ராவுக்குத் தன் ரீமிக்ஸைப் போட்டுக்கொண்டிருக்கிறான். வேகம் 50 படக் கணக்கு, குரல் இடம் மாறிய குரல். அந்த நிதானத்தில் பாஸின் நடை தனியாகத் தெரிகிறது. வேகத்தில் மறைந்து கிடந்த இரண்டாவது குரலின் பதில் வரிகள் இப்போதுதான் முழுசாகக் கேட்கின்றன. பறை வேண்டாம், பம்பை போடு என்று அக்கா சொன்னதை அவன் கேட்டுக்கொண்டது நல்ல முடிவு. பாஸின் மேல் ஏறாமல் இடைவெளிகளில் உட்காருகிறது. இரண்டாவது சுற்றில் மட்டும் சிந்தசைசர் கனத்து மெட்டை அமுக்குகிறது. அதைக் குறைத்துக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.