செங்கல்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, 15 கிலோமீட்டருக்குள், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இருக்கிறது. கோட்டை என்பது சற்று மிகைதான். வியாபாரக் கிடங்கு, அதற்குக் காவலாகச் செங்கல் மதில். 17ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் இந்தப் பக்கத்துத் தறித்துணியைச் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள்.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுத்ததைப் பெருமையோடு பொறித்துவைத்தான். நம் ரசனை இன்னும் அந்தக் கல்வெட்டிலேயே நிற்கிறது போலும். பாறை என்றால் கலை. செங்கல் என்றால் சுவர். அர்ஜுனன் தபசைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நமக்கு ஒரு கிடங்கைப் பற்றிச் சொல்ல வார்த்தை இல்லை. 'கச்சிதம்' என்று எழுதிப் பார்த்தேன், போதவில்லை. கிடங்கின் நீண்ட சுவர் எதையும் சித்திரிக்கவில்லை. சுமையைத் தாங்குகிறது, சரக்கை மறைக்கிறது, அவ்வளவே. ஒரு கைக்குள் அடங்குகிற செங்கல்தான் அதன் அளவு. அதனால் அடுக்கிய கையை ஊகிக்க முடிகிறது. சிற்பத்தின் முன் எனக்கு இது நேர்வதில்லை.

செதுக்குவேலையைக் கல்லறைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வளாகத்துக்குள்ளேயே இருக்கும் அந்தக் கற்களில் டச்சுப் பெயர்கள், தேதிகள். துணி நெய்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. கிடங்கை ரசித்துவிட்டு இதைத் தாண்டிப் போவது எனக்குச் சுலபமாக இல்லை.