கொச்சிக் கரை – 4: கொடியில் காயும் பெயர்கள்

மட்டாஞ்சேரியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலை ஃபோர்ட் கொச்சி, ஆஸ்பின்வால் ஹவுஸ். வாசனைப் பொருள்கள் கைமாறிய இந்தப் பழைய வணிகக் கட்டடத்தில்தான் 2012இல் கொச்சி–முசிறிஸ் பினாலே என்னும் கலைக்காட்சி தொடங்கியது. நான் பார்த்தது 2018ஆம் ஆண்டுப் பதிப்பு. கேரளத்தை வெள்ளம் முக்கியெடுத்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளம் புகுந்த வீடுகளின் புத்தகங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வங்கதேசக் கலைஞர் மார்சியா ஃபர்ஹானா அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். அவற்றின் உடைமைக்காரர்கள் அப்போதும் பக்கத்து ஊர்களில் சுவரைக் கழுவிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அடுத்து, கொடிகளில் சட்டைகள். தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சனுடைய படைப்பு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டு, கேப் டவுனில் விற்கப்பட்ட 119 பேர். ஆளுக்கு ஓர் உடுப்பு. அதில் கறுப்பு மையில் பெயர், பிறந்த ஊர், வாங்கியவர், கொடுத்த விலை. கேப் டவுன் கோட்டையருகே சேற்றுநீரில் தோய்ந்த இத்துணிகளைக் கொச்சிக்குக் கொண்டுவந்து, பொதுச் சலவைக்கூடத்தில் துவைத்துக் காயவிட்டிருந்தார்கள்.

பெயரைவிட ஊரைத்தான் என் கண் தேடியது. வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று கேப் பதிவேடுகளில் ஊரே குலப்பெயர் போல ஒட்டிக்கொள்ளும். முன்னால் நிற்பதோ பெரும்பாலும் எசமான் சூட்டியது. பலருக்கும் பெற்றவள் கூப்பிட்ட பெயர் எங்கும் இல்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

வெயில் ஏறுமுன் பொதுச் சலவைக்கூடமான தோபிகானாவுக்கு நடந்தேன். இங்கே வெளுப்பவர்கள் தமிழர்கள். டச்சுப் படையாட்களின் உடுப்பை வெளுக்கக் கொண்டுவரப்பட்ட வண்ணார்களின் வழிவந்தவர்கள். உலர்த்தும் கொடியில் கிளிப் கிடையாது. இரட்டைப் புரியாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு இழுத்தாலும் விடாது.

கஞ்சி போட்ட வேட்டியை உதறிக்கொண்டிருந்த பெரியவரிடம், “ஐயாவுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?” என்றேன்.

“தமிழ்நாடுன்னு சொல்லுவாங்க தம்பி. எந்த ஊருன்னு எங்கப்பாவுக்கே தெரியாது.”

பிறகு ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் மையில் சின்னதாக ஒரு குறி. “துணி யாருதுன்னு இதை வச்சுத்தான் பிரிப்போம். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போவாது.”

அந்தக் குறியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். அவர் சட்டையை மடித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை உருவினார்.

மதியம் வைப்பின் தீவுக்கு ஜங்கார் படகு ஏறினேன். அது அடுத்த வாரம்.