முதலடியோடு நின்ற மேற்கோள்

கட்டுரைக்கு மேற்கோள் அழகு என்று மாணாக்கருக்குப் பல்லாண்டாகக் கற்பித்து வந்தோம். அது அரை உண்மையே என்பதை எமக்குக் கற்பித்தவன் எம் மாணவன் ஒருவன்.

வெள்ளவத்தையில் நடைபெற்ற பரிசளிப்பு விழா ஒன்றில், பிரதம விருந்தினராக வந்த செல்வர் ஒருவரை வரவேற்கும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற முதலடியை எடுத்துரைத்து, அவரை உலகெல்லாம் உறவு பூண்ட பெருமகனெனப் பாராட்டினோம். கைதட்டல் எழுந்தது. மறுநாள், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன் எம்மை அணுகினான்.

"சேர், அந்தப் பாட்டின்ர முடிவில, பெரியாக்களைக் கண்டு பிரமிக்கமாட்டம் எண்டுதானே இருக்கு?"

எம்மிடம் விடை இல்லை.

புறநானூற்றின் 192ஆம் பாட்டு 13 அடிகளாலானது. ஆற்று வெள்ளத்தின் வழியே செல்லும் தெப்பம் போன்றது மனித வாழ்வு என்று கண்ட புலவர், ஆதலால் உயர்ந்தோர் என எவரையும் கண்டு மலைப்பதில்லை, எளியோர் என எவரையும் தாழ்த்துவது அதனினும் இல்லை என முடிக்கின்றார். முதலடி அம்முடிபுக்கு வாயில். நாமோ அவ்வாயிலைப் பெயர்த்தெடுத்துச் செல்வருக்குத் தோரணமாகக் கட்டினோம்.

மேற்கோளின் ஆற்றல் சிறிதன்று. குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாகக் கிடைத்தில. பிறர் எடுத்தாண்டும் தொகுத்தும் வைத்த செய்யுள்களே எஞ்சின. முத்தொள்ளாயிரத்தில் இன்று எஞ்சியுள்ள செய்யுள்களின் பெரும்பகுதியைக் காத்துத் தந்தது புறத்திரட்டு. அதேவேளை, பழைய உரையாசிரியர்கள் பெயர் சுட்டாது காட்டிய செய்யுள்கள் பல, பாடியவர் எவரென அறியவொண்ணாது நிற்கின்றன. மேற்கோள் ஒரு நூலை வாழ்விக்கவும் கூடும். புலவனை மறைக்கவும் கூடும்.

ஆகவே இப்போது வகுப்பில் நாம் கூறுவது இது: புலவர், நூல், பாட்டெண் மூன்றையும் தருக. யார், எச்சூழலில் கூறியது என்பதை முன்னர் உரைக்க. அடியைக் காட்டிய பின், அது உம் கருத்தை நிறுவுமாற்றை உம் சொல்லில் விளக்குக. இடையே விட்டதைப் புள்ளியிட்டுக் காட்டுக. அனைத்துக்கும் முன், பாட்டை முழுதும் படிக்க. பரீட்சை வழிகாட்டியில் பொறுக்கிய தனியடி, சாட்சியை வாய்பொத்திக் கூண்டில் ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

அடுத்த ஆண்டு விழாவில் அம்மாணவனையே மேடையேற்றி, அப்பாட்டை ஈற்றடிவரை சொல்வித்தோம். கைதட்டல் சற்றுக் குறைவாகவே இருந்தது.