இடமிருந்து வலம்

"இதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்லயே வந்துடுதே சார், அப்புறம் எதுக்கு அச்சடிக்கணும்?" என்று கேட்டவர், என் பத்திரிகையை விலைக்கு வாங்க வந்த இளைஞர். மயிலாடுதுறையில் எட்டுப் பக்க வார இதழ் ஒன்றை இத்தனை காலம் ஓட்டியவனுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு உபசாரம் கிடைக்காது.

இந்தத் தொழிலில் எது கஷ்டம் என்று வெளியாட்கள் நினைக்கிறார்களோ அது கஷ்டமில்லை. டிக்ளரேஷன், இம்ப்ரிண்ட், மார்ச் முதல் இதழில் உரிமையாளர் விவரத்தோடு படிவம் 4 எல்லாம் ஒருமுறை பழகினால் போதும் என்றிருந்தது. இப்போது அவற்றைக் கேட்ட 1867 பத்திரிகைச் சட்டமும் போய், 2024 மார்ச் 1 முதல் புதுச் சட்டம், விண்ணப்பம் இணையத்திலேயே. பணமும் அப்படித்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் விளம்பரம் தரும், கோடையில் பள்ளிக்கூடங்கள் தரும், மற்ற மாதங்களைக் கண்ணீர் அஞ்சலிகள் ஓட்டிவிடும். செய்திக்கும் பஞ்சமில்லை. ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தால் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது, எதற்கு வரவில்லை. ஐப்பசியில் காவிரித் துலா உற்சவம், மாதக் கடைசியில் கடைமுகம், மறுநாள் முடவன் முழுக்கு. நடுவில் பாதாளச் சாக்கடை உள்வாங்கிய தெரு.

கஷ்டம் பெயரில் இருக்கிறது. குறிப்பாக, குழுப் படத்துக்குக் கீழே 'இடமிருந்து வலம்' என்று போட்டுவிட்டு எழுதும் அந்த ஒன்றரை வரியில்.

கும்பாபிஷேகக் கமிட்டியோ, பள்ளி ஆண்டு விழாவோ, படம் எடுத்த மறுநிமிடம் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே வரிசை நிற்கும்போதே இடது ஓரத்திலிருந்து எழுத ஆரம்பிக்க வேண்டும். எழுதி முடிக்கும் நேரத்தில் பிரமுகர் ஒருவர் நடுவில் வந்து நுழைவார். அவருக்கு வலப்பக்கம் நிற்பவர்கள் எல்லாரும் ஓர் இடம் தள்ளிப்போவார்கள். சட்டை நிறத்தைக் குறித்துவைத்துப் பயனில்லை, உள்பக்கம் கறுப்பு வெள்ளை. கண்ணாடி, மீசை, தோள் துண்டு என்றுதான் குறிக்க வேண்டும். பிறகு இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அந்த ஒற்றை எழுத்துதான் ஆளை அடையாளம் காட்டுகிறது. ஒரே தெருவில் மூன்று ராஜேந்திரன் இருப்பார்கள். செத்தவர் ஏ. ராஜேந்திரனாக இருக்க, ஆர். ராஜேந்திரன் என்று போட்டால் அவர் வீட்டு வாசலில் மாலையோடு ஆள் நிற்கும். தமிழ் இனிஷியல் போடுகிறேன் என்று புறப்பட்டால் இன்னும் சிக்கல். 'ஆர்.' என்பதை 'ரா.' என்று மாற்றுமுன் அப்பா ராமசாமியா, ரங்கசாமியா என்று கேட்டாக வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அச்சகத்து ஃபோர்மேன். எழுத்துச் சீர்திருத்தம் வந்து சில ஆண்டுகளாகியும் பழைய 'லை'யும் 'ணை'யும் அச்செழுத்துக் கேஸில் கிடந்த காலம் அது. எட்டாவதைத் தாண்டாத மனிதர். ஆனால் பெயர்ப் பட்டியல் வந்தால் தலையங்கத்தை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் கோப்பார். புரூஃப் பார்க்கும்போது நான் மூலத்தை உரக்கப் படிக்க வேண்டும், புள்ளியையும் சேர்த்து. 'கே. முருகேசன்' என்று ஓட்டிப் படித்தால் நிறுத்திவிடுவார். "கே, புள்ளி, முருகேசன்னு படிங்க தம்பி."

கல்யாண சீசனில் 'திரு', 'திருமதி' போட்டுப் போட்டு 'தி'யும் 'ரு'வும் கேஸில் தீர்ந்துவிடும், வரியிலும் இடம் போதாது. நான் இனிஷியல்களை எடுத்துவிட்டு வரியை மாற்றி எழுதலாம் என்று சொன்னபோது, அவர் ஒரே மூச்சில் எல்லா 'திரு'வையும் பிடுங்கினார். "மரியாதை குறைஞ்சா மன்னிப்பாங்க. இனிஷியல் குறைஞ்சா மன்னிக்க மாட்டாங்க."

சாவுச் செய்திக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. மகனிடம் கேட்கக்கூடாது, அழுகையில் தப்பாகச் சொல்வான். மருமகனிடம் கேள், கூப்பிடும் பெயரா, ரேஷன் கார்டுப் பெயரா என்று கேள். ஊரே ஒருவரைப் 'பட்டாமணியார்' என்று கூப்பிட்டிருக்கும். கார்டில் பார்த்தால் வைத்தியலிங்கம். இரண்டையும் போட்டால்தான் வெளியூரில் இருக்கும் உறவுக்கு யார் போனார் என்று தெரியும். 'காலமானார்' பத்திக்குக் காசு வாங்கக் கூடாது, நினைவு அஞ்சலிக்கு வாங்கலாம் என்பதும் அவர் வகுத்ததுதான். முதலாளி அவர் அல்ல, ஆனாலும் அது இன்றுவரை நிலைத்தது.

2020 டிசம்பர் 28-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. கலெக்டர் அலுவலகத்துக்காக நாகப்பட்டினம் ஓட வேண்டிய தேவை நின்றது, நல்லது. கூடவே இன்னொன்றும் நின்றது, பெயர் கேட்பது. செய்திக் குறிப்பு தினமும் கைப்பேசிக்கே வருகிறது, படத்தோடு. எங்கள் நிருபர் பையன்கள் அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். அதில் அதிகாரிகள் பெயர் பதவியோடு வரிசையாக இருக்கும். தையல் இயந்திரம் வாங்கிய பெண் வெறும் 'பயனாளி'. அந்தப் பெண் எந்த ஊர், பெயர் என்ன என்று ஒரு போன் போட்டுக் கேட்டால் செய்தி நம்முடையதாகிவிடும். கேட்பதில்லை. அதிகாரி வேறு ஊருக்கு மாறிப்போவார், பேப்பரை எடுத்து லேமினேட் பண்ணி மாட்டப்போகிறவள் அந்தப் பெண். குழுப் படத்துக்கும் இப்போது 'விழாவில் கலந்துகொண்டவர்கள்' என்ற ஒரே வரி. கேட்டால், அவங்களுக்கே அவங்களைத் தெரியும் சார் என்கிறார்கள்.

குரூப்பில் தப்பாகப் போட்டால் அழித்துவிடலாம். அச்சில் போட்டவனை மறுநாள் காலை டீக்கடையில் பிடித்துக் கேட்பார்கள். அந்தப் பயம்தான் எங்களைச் சரிபார்க்க வைத்தது. பயமில்லாதவனுக்குச் சரிபார்க்க என்ன அவசரம்?

பேரம் முடியும் நேரத்தில் இளைஞரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் தம்பி, 'காலமானார்' பத்தியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஆள் பழகும்வரை நானே வந்து பார்த்துத் தருகிறேன் என்றேன். "அதுல வருமானமே இல்லையே சார்" என்றார். காசு வாங்காமல் அந்தப் பத்தியைச் சரியாகப் போட்டதால்தான் மற்ற பக்கங்களுக்கு நகைக்கடைக்காரர் காசு கொடுத்தார். வரவு செலவுப் புத்தகத்தில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது. அவர் அந்தப் புத்தகத்தை மட்டும்தான் புரட்டிப் பார்த்தார்.